அம்சவல்லி வீட்டில் குழந்தைகள் அழுவதில்லை

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகளைத் தாண்டி உள்ளே நடந்தால், கம்பெனி வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் வரும். அங்கே யாரிடம் வேண்டுமானாலும் அம்சவல்லி வீடு எது என்று கேட்கலாம். அவசரமாக ஓடுகிறவர்கள்கூட நின்று வழி சொல்வார்கள். அவள் கவுன்சிலர் இல்லை, வட்டிக்கு விடுகிறவளும் இல்லை. அவளிடம் விட்டுப்போகும் குழந்தைகள் அழுவதில்லை. அவள் எடுத்த பேர் அவ்வளவுதான். ஆனால் புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட் என்று ஓடுகிற ஊரில் இதைவிடப் பெரிய பேர் எது?

“அக்கா கையில இன்னாமோ கீதுடி. அங்க போனா எம்புள்ள கப்சிப்னு ஆயிடுது” என்று கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி சொல்வாள். பக்கத்து சீட்டில் மாசமாக இருப்பவள் அப்போதே மனதுக்குள் இடம் பிடித்து வைத்துக்கொள்வாள். இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி அம்சவல்லியின் காதுக்கும் வந்துசேரும். வராமல் இருக்குமா? அவளுக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. எப்பேர்ப்பட்ட அழுகையும் என் தோளுக்கு வந்தால் அடங்கிவிடும் என்று அவளே சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

குழந்தை என்றால் அழ வேண்டும். பசித்தால் அழும், நனைந்தால் அழும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் நம்மைப் படுத்துவதற்காகவாவது அழும். அழாத குழந்தையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்க வேண்டும். நாம்தான் அதைத் தங்கமான பிள்ளை என்று கொஞ்சுகிறோம்.

அம்சவல்லிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். மாமனார் நெல் போட்ட நிலத்தில் இப்போது கார் சீட் தைக்கும் கம்பெனி நிற்கிறது. அதற்காக அவள் ஒரு நாளும் கண்ணைக் கசக்கியதில்லை. நாற்று நட்டு இடுப்பு விட்டுப்போனது அவளுக்கல்லவா தெரியும்! நிலம் கைமாறியபோது விட்டது சனி என்றுதான் நினைத்தாள். கணவன் கோதண்டராமன் ஒரகடத்தில் ஒரு குடோனுக்கு செக்யூரிட்டியாகப் போனான். இவள் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமைக்கப் போனாள். அவள் கையால் சாப்பிட்ட பெண்களில் ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, வேலையை விட மனமில்லாமல், “சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கோக்கா” என்று ஒரு நாள் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். அதுவே தொழிலாகிவிட்டது.

அவளுக்கென்றும் ஒரு பிள்ளை இருந்தது. பேர் வைத்து, மொட்டை போட்டு, தவழ ஆரம்பித்திருந்த ஆண் பிள்ளை. அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போன சமயத்தில் யாரோ எருமைப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளை தேறட்டும் என்று அதைச் சுண்டக் காய்ச்சி ஆசை ஆசையாகக் கொடுத்தாள். அன்றைக்கே வாந்தி, பேதி. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் பிள்ளையின் கழுத்து துவண்டுவிட்டது. “கனத்த பாலைக் குடுத்துக்கீறா. மாந்தம் தட்டாம இன்னா பண்ணும்?” என்று சாவு வீட்டில் ஒரு குரல் கேட்டது. அவளிடம் சொல்லவில்லை, அவள் காதில் விழும்படி சொன்னார்கள். பாலில் கோளாறா, பாத்திரத்தில் கோளாறா, யார் கண்டது? மாந்தம் என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை.

அன்றிலிருந்து கெட்டியான பாலைக் கண்டால் அவளுக்கு உடம்பு நடுங்கும். பிள்ளை பார்க்கும் தொழிலுக்கு வந்த பிறகு, எந்தத் தாய் எந்தப் பாலைக் கொடுத்தனுப்பினாலும் தண்ணீர் விட்டு இளக்கித்தான் கொடுப்பாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வாதாடுவார்கள். முதலில் வந்த பிள்ளைகள் இட்லியும் ரசம் சாதமும் தின்கிற வயதுப் பிள்ளைகள். பால் நீர்த்திருந்தாலும் சோறு அவர்களைக் காப்பாற்றியது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் கத்திரி வெயில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கலைமதி தன் பெண் குழந்தையைக் கொண்டுவந்தாள். பேர் அறிவுமதி. இன்னும் கழுத்துகூடச் சரியாக நிற்கவில்லை. கலைமதிக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. கான்ட்ராக்டில் இருந்ததால் பேறுகால விடுப்பு என்று ஒன்று கிடையாது. திரும்ப வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய புதிதில் பால் கட்டி, கம்பெனி பாத்ரூமில் பீய்ச்சிவிட்டுக் கண்ணீரோடு லைனுக்கு ஓடியிருக்கிறாள். கொஞ்ச நாளில் பாலும் வற்றிவிட்டது. அப்புறம் டப்பா பால்தான்.

அம்சவல்லியிடம் ஏற்கெனவே இன்னொரு கைக்குழந்தை இருந்தது. பிரவீனா என்ற பெண்ணின் மகன், பகலவன். அறிவுமதியைவிடக் கொஞ்சம் மூத்தவன், அவனுக்கும் டப்பா பால்தான். இரண்டு தாய்மாரும் காலையில் பால் பவுடரை வேளைக்கு ஓர் அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அளந்து போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அம்சவல்லி ஒரு வேளைக்கு ஓர் அறைப் பவுடரை பாட்டிலில் கொட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். தாய்மார் சொன்ன முறை அது.

அம்சவல்லியின் முறை வேறு. அறையில் இருப்பதில் பாதியைத்தான் பாட்டிலில் போடுவாள். மீதியை என்ன செய்வது? திருப்பிக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். கொட்டவும் மனம் வராது. லைன் வீட்டுக் கோடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் கரைத்து அந்தக் குட்டிகளுக்கு வைத்துவிடுவாள். அந்தக் கோடையில் அந்தத் தெருவில் கொழுகொழுவென்று வளர்ந்ததும், நாள் முழுக்க வாய் ஓயாமல் கத்தியதும் அந்தக் குட்டிகள்தான்.

வந்த புதிதில் அறிவுமதிக்கு வெளிக்குப் போவது சிரமமாக இருந்தது. முக்கி முக்கி முகம் சிவந்து போகும். தான் இளக்கிக் கொடுத்தும் இப்படி என்றால், வீட்டில் தாய் கொடுக்கும் கெட்டிப் பால்தான் காரணம் என்று அம்சவல்லி நினைத்தாள். சாயங்காலம் கலைமதி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“இந்தாடி, பவுடர கொஞ்சம் கம்மியா போடு. பச்சப் புள்ளைக்கு இவ்ளோ கெட்டியா குடுத்தா மாந்தம் வந்துடும்.”

“டப்பால போட்டுகிற அளவுதான்கா போடறேன்.”

“டப்பால எழுதினவன் புள்ள பெத்தானா?”

கலைமதி அன்றைக்கு லைனில் ஏதோ ரிஜெக்ட் விழுந்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். “எங்க லைன்ல பேப்பர்ல போட்டுகிறதுல ஒரு ஸ்க்ரூ மாத்துனாக்கூட கிழிச்சிடுவாங்க. எம்பொண்ணு விஷயத்துல மட்டும் நான் இஷ்டத்துக்கு பண்ணணுமா? டப்பால இன்னா போட்டுகிதோ அதான்கா” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்சவல்லிக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாளா என்று இரவெல்லாம் கோதண்டராமனிடம் புலம்பினாள். அவன் வழக்கம்போல ‘உம்’ கொட்டினான். மறுநாள் இரண்டு பெண்களும் ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பஸ் லேட்டானதைப் பற்றிப் பேசினார்கள். பால் என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மரியாதையாம்! அந்த மரியாதைக்குப் பதிலாக நடுத்தெருவில் நின்று மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் குழந்தைக்கு நல்லதாகப் போயிருக்கும்.

ஏனென்றால், அம்சவல்லிக்குத் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. வாசலில் அத்தனை வீறாப்பாகப் பேசிய கலைமதி, அன்று ராத்திரி குழந்தை முக்கி அழுததைப் பார்த்துக் கலங்கிவிட்டாள். எத்தனை பிள்ளைகளைப் பார்த்த கை, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலையிலிருந்து வீட்டில் கலக்கும்போதும், கொடுத்தனுப்பும் ஒவ்வோர் அறையிலும் பாதிப் பவுடர்தான் போட்டாள். போட்டவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எகிறிப் பேசிவிட்டு இப்போது இறங்கி வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கணவன் வசந்தகுமாரிடமும் சொல்லவில்லை.

தாய் பாதியாக்கி அனுப்பியதை அம்சவல்லி மறுபடியும் பாதியாக்கினாள். அறையில் பவுடர் மட்டம் இறங்கியிருப்பது அவள் கண்ணில் படாமல் இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் குலுங்கி அமுங்கியிருக்கும் என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பேச்சு மறுபடி தொடங்கும். ரோஷம் யாரை விட்டது? பாட்டிலில் பால் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கத்திரி வெயில் வந்தது. ஷீட் கூரை காய்ந்து, வீட்டுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. பிள்ளைகளுக்கு நா வறண்டுவிடக்கூடாது என்று வேளைக்கு நடுவிலும் பால் புகட்டும் பாலாடையில் வெந்நீர் ஆற்றி ஊற்றினாள். பாட்டில் பால் சீக்கிரம் ஜீரணித்து அறிவுமதி வாயைத் திறந்தால், உடனே இன்னும் இரண்டு பாலாடை தண்ணீர். வயிறு நிறைந்து குழந்தை அடங்கிவிடும். முக்கல் நின்றது. அழுகை குறைந்தது. பிறகு அழுகையே இல்லை.

“பாத்தியா, என் கைக்கு வந்ததும் சரியாப் போச்சி” என்று பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

லூர்தம்மாள் சாயங்காலத்தில் வாசலில் இட்லி கடை போடுகிறவள். பகலில் அவளுக்குப் பொழுது போவது அம்சவல்லி வீட்டில்தான். அவள் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “மாதாவே, பூசினாப்பல ஆயிட்டாளே! கண்ணுகூட உள்ள போயிடுச்சி பாரு, கன்னம் உப்பி” என்றாள்.

கன்னம் உப்பியிருந்தது உண்மை. கண் இமைகளும் உப்பியிருந்தன. புறங்கையும் பாதத்தின் மேல்புறமும் மெத்துமெத்தென்று இருந்தன. சதை போட்டிருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த வெயிலிலும் குழந்தையின் உள்ளங்கால் சில்லென்று இருந்தது. டப்பா பால் சூடு இறங்கிவிட்டது என்று அம்சவல்லி சந்தோஷப்பட்டாள். துணி மாற்றி மாளவில்லை, அத்தனை ஈரம், பச்சைத் தண்ணீர்போல. நன்றாக மூத்திரம் போனால் உடம்புக்கு நல்லது என்றாள் லூர்தம்மாள். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் வந்து எடுக்கும்போது கலைமதிக்கு என்னவோ போல் இருந்திருக்கிறது. “இன்னாக்கா, எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே கீறா. என்னப் பாத்தா சிரிக்கக்கூட மாட்றா” என்று ஒரு தரம் கேட்டாள்.

“தூங்கற புள்ளதான்டி வளரும். உனுக்கு வேல, களைப்பு. இவளும் ராங்கி பண்ணா நீ தாங்குவியா?”

கேட்டவள் அதோடு விட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி அம்சவல்லியை அரித்தது. கண் பட்டிருக்குமோ என்று ஒரு செவ்வாய்க்கிழமை கைநிறைய கல்லுப்பு எடுத்து, குழந்தையை மூன்று சுற்று சுற்றி, வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் கொல்லையில் ஊற்றினாள். அன்றைக்குப் பாட்டிலைக் குழந்தை பாதியிலேயே விட்டுவிட்டது. உதடு மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தது. இடது கை திடீர் திடீரென்று ஒரு வெட்டு வெட்டியது.

“தூக்கத்துல நரி வெரட்டுது” என்றாள் லூர்தம்மாள்.

ஆனால் குழந்தையின் கண் திறந்திருந்தது. அம்சவல்லி அதைப் பார்த்தாள். பார்த்ததை லூர்தம்மாளிடம் சொல்லவில்லை. குனிந்து கையால் இமையைத் தடவி மூடிவிட்டாள். அப்படி மூடும்போது, பல வருஷத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் இதே கையால் இன்னொரு பிள்ளையின் இமையை மூடியது ஞாபகத்துக்கு வந்தது. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்துபோய் பாட்டிலைக் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், பகலவனுக்கு ஊட்டி முடித்துப் பாயில் போட்டுவிட்டு அறிவுமதியை மடியில் எடுத்தாள். பாட்டிலை வாயில் வைத்தாள். குழந்தை உறிஞ்சவில்லை. பால் கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குப் போனது. துடைக்கத் துணியை எடுத்தபோது குழந்தையின் உடம்பு விறைத்தது. கண் மேலே சொருகியது. கையும் காலும் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுத்தன. உதட்டோரம் நீலம் பூத்தது.

“அக்கா! லூர்தக்கா!”

அந்தக் குரலைக் கேட்டுத்தான் லூர்தம்மாள் ஓடிவந்தாள். “இரும்பு குடுடி கையில, சாவி எங்க, சாவி” என்று வீட்டைக் குடைய ஆரம்பித்தாள். அம்சவல்லி நிற்கவில்லை. “பகலவனப் பாத்துக்கோ” என்று கத்திவிட்டு, செருப்பில்லாமல் தார் ரோட்டில் ஓடினாள். டீக்கடையருகே நின்ற ஆட்டோவில் விழுந்தடித்து ஏறினாள். ஆட்டோவிலேயே கலைமதிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லைனுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்து அவள் புருஷன் வசந்தகுமாருக்குப் போட்டாள், எடுத்தான். “பாப்பாவுக்கு இழுப்புடா தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன், ஓடியா” என்பதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

தண்டலம் தாண்டும்வரை மடியில் அந்தச் சின்ன உடம்பு வெட்டிக்கொண்டே இருந்தது. சாமியெல்லாம் வாயில் வந்தது. எந்தச் சாமியிடம் என்ன கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊசி போட்டு இழுப்பை நிறுத்தியதாகச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வசந்தகுமார் வேலை பார்க்கும் ஒரகடத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான். அவன் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்ன பிறகு கலைமதி வந்தாள். கம்பெனி கோட்டும் தலையில் போட்ட வலைத் தொப்பியும் கழற்றாமல் வந்திருந்தாள். அம்சவல்லியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நீ இருந்தியே அக்கா, நல்ல வேள நீ இருந்தியே” என்று அழுதாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அம்சவல்லிக்குத் தெரியவில்லை.

குழந்தை டாக்டர் இளவயதுப் பெண். வெளியே வந்து மூவரையும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

“ஃபிட்ஸ் நின்னிருக்கு. ஆனா ஆபத்து தாண்டலை. ரத்தத்துல உப்பு ரொம்ப ரொம்ப இறங்கியிருக்கு. உடம்புல தண்ணி ஏறி, மூளை வீங்கினா இப்படி வரும். பால் எப்படிக் கலக்குறீங்க?”

கலைமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. “டப்பால போட்டுகிறதுல பாதிதான் மேடம் போட்டேன். வெளிக்குப் போக முடியல, மாந்தம் வந்துடும்னு... நான்தான். யாரும் சொல்லல. நானாதான் கொறச்சேன்.”

அம்சவல்லிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அமுங்கவில்லை, குலுங்கவில்லை. இவள் என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, இப்போது என் பேரைச் சொல்லாமல் மறைக்கிறாள்.

“பாதியா?” வசந்தகுமார் மனைவியின் பக்கம் திரும்பினான். “எவடி உனுக்கு சொன்னது? பெத்த புள்ளைக்கு தண்ணிய ஊத்திக்கீறியே, உனுக்கு அறிவு கீதா?”

டாக்டர் அவனைக் கையமர்த்தினாள். “கத்தாதீங்க. பாதி போட்டாலும் இவ்வளவு இறங்கியிருக்காதே. வேற ஏதோ இருக்கு. தண்ணி தனியா குடுத்தீங்களா? எத்தனை நாளா, எவ்வளவு? சரியா தெரிஞ்சாதான் எனக்கு உப்பு ஏத்த முடியும். வேகமா ஏத்தினாலும் ஆபத்து.” பேசிக்கொண்டே அவள் அம்சவல்லியைப் பார்த்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். கலைமதியின் தலையில் பழி ஏற்கெனவே விழுந்தாயிற்று. அவளும் அதை இறக்கிவைக்க முயலவில்லை. வாயை மூடிக்கொண்டால் அம்சவல்லியின் பேருக்கு ஒரு கீறலும் விழாது. அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உள்ளே ஒரு குழந்தை கண் சொருகிக் கிடந்தது. அதற்கு எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

“நானும் பாதிதான் போட்டேன்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். “அவ குடுத்ததுல நான் பாதிதான் போட்டேன் டாக்டரம்மா. மீதிய நாய்க்குட்டிக்கு ஊத்திட்டேன். நடுவுல தண்ணியும் குடுத்தேன். அழும்போதெல்லாம் குடுத்தேன். ஒரு மாசமா.”

கலைமதி பிடித்திருந்த கை மெல்ல விலகியது. அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. புதிதாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல் அம்சவல்லியின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

“கால்வாசிப் பால்” என்றாள் டாக்டர், தனக்குள்ளேயே. “அவ்வளவு பசியோட...” என்று தொடங்கியவள் அதை முடிக்காமல் நர்ஸைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள்.

“அழவே இல்லையேம்மா” என்றாள் அம்சவல்லி. “பசிச்சா அழணும்ல? இவ அழவே இல்ல.”

“அழ உடம்புல தெம்பு வேணும்மா.”

உள்ளே போகத் திரும்பிய டாக்டர் நின்றாள். “நீங்க இதத் தொழிலா பண்றீங்களா? உங்ககிட்ட வேற குழந்தை ஏதாவது இருக்கா?”

“ஒண்ணு கீது” என்றாள் அம்சவல்லி.

“அதுக்கும் இப்படித்தானா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“இப்பவே கூட்டிட்டு வாங்க. அவங்க அம்மாவுக்கும் சொல்லி அனுப்புங்க. தண்ணி ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீங்க. ஓடுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பகலவனைப் பற்றி நினைக்க முயன்றாள். அவன் தாய் முழுசாகத்தான் போட்டு அனுப்புகிறாள், அதனால் அவனுக்குப் பாதிப் பாலாவது போயிருக்கிறது என்று கணக்குப் போட்டாள். கடைசியாக அவன் எப்போது அழுதான் என்று யோசித்தாள். நேற்று இல்லை. முந்தாநாள்? ஞாபகமில்லை. அவனுக்கு முன்னால் வந்துபோன பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் வாயை மூடியபடி. ஆட்டோக்காரனை வேகமாப் போப்பா, வேகமாப் போப்பா என்று அவள் நச்சரித்த நச்சரிப்பில் அவன் திரும்பிப் பார்த்து முறைத்தான். லைன் வீட்டு முனையில் அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

லூர்தம்மாள் வாசலில் உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தாள். “இன்னாச்சிடி, பாப்பா எப்டி கீது? மாதா கைவிட மாட்டாங்க” என்று எழுந்தவள், அவள் முகத்தைப் பார்த்துத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். “நீ இவனப் பத்திக் கவலப்படாத. தங்கம்டி இவன். நீ போனதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. ஒரு தடவகூட எழுந்திருக்கல.”

அம்சவல்லி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பகலவன் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன மாதிரியே படுத்திருந்தான். கன்னம் உப்பலாக, அழகாக இருந்தான். எடுத்து மடியில் போட்டாள். உள்ளங்கால் சில்லென்று இருந்தது. “பகலவா” என்று கூப்பிட்டாள். “டேய் கண்ணு, பகலவா.” இமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. மார்பைத் தடவினாள். காதருகே கை தட்டினாள். குதிகாலை விரலால் சுண்டினாள், ஒரு தரம், இன்னொரு தரம். கால் லேசாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“தூங்குற புள்ளய இன்னாடி பண்ற?” என்று லூர்தம்மாள் பின்னாலேயே வந்தாள்.

அவள் கேட்கவில்லை. தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். பிள்ளையின் வாய் கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது, அது இழுத்து இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுகையாகியது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அம்சவல்லி வீட்டில் குழந்தை அழுகிறதா என்று பார்க்க இரண்டு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“குடுடி இப்டி, நான் தட்டித் தூங்க வெக்கிறேன்” என்று லூர்தம்மாள் பதறிக் கையை நீட்டினாள்.

“வேணாம்க்கா. அழட்டும்” என்றாள் அம்சவல்லி. “எவ்ளோ அழுவுறானோ, அழட்டும். நீ பிரவீனாவுக்குச் சொல்லி அனுப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு.”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை பேர் பார்க்கத் தெருவில் நடந்து ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, அழுகை ஓய்வதுபோல் தெரிந்தபோதெல்லாம் அவன் தொடையை மறுபடி மறுபடி கிள்ளிக்கொண்டே போனாள்.